ஒயின் பீப்பாயில் ஊறிய ஸ்ட்ராங் ஏல்: கள்ளு ருசி தெரிந்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் எங்கள் வீடு. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சுற்றிலும் தென்னந்தோப்பு. எங்கள் சித்தூர் தாலுகாவில் இறக்குகிற கள்ளுதான் விடிகாலையில் வண்டியேறி கேரளத்தின் பல மாவட்டத்து ஷாப்புகளுக்குப் போகிறது. பீரைப் பற்றி எழுதவந்த இடத்தில் கள்ளை ஏன் இழுக்கிறேன் என்றால், ஒயின் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய ஒரு ஸ்ட்ராங் ஏலை ருசி பார்க்கத் தேவையான படிப்பில் பாதி, காலைக் கள்ளுக்கும் அந்திக் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் அதைக் கெடுத்துக்கொண்டோம். மச்சான் பெல்ஜியத்திலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த பாட்டில். ஃப்ரீசரில் போட்டு, பல் கூசும் குளிரில் எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, காரமான மீன் வறுவலோடு மடக் மடக் என்று குடித்தோம். புளிப்பும் எரிச்சலும் தவிர ஒன்றும் தெரியவில்லை, கெட்டுப்போன சரக்கு என்று ஓரமாக வைத்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்து பெரியப்பா வந்தார், நாற்பது வருடம் மரமேறியவர். மீந்திருந்த டம்ளரை எடுத்து முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இது பழைய முட்டியில எறக்குன கள்ளு மாதிரி இருக்குதுடா. நல்லாத்தான் இருக்குது, நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்றார். அவர் சொன்ன இரண்டுமே சரி. சூடு ஏறியதும் அது வேறு பானமாகிவிட்டது. முட்டி, அதாவது கள்ளு இறக்கும் பானை, அந்த விஷயமும் அப்படியே, அதைக் கீழே சொல்கிறேன்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

ஏல் என்பது கொஞ்சம் வெதுவெதுப்பில், சுமார் 18 முதல் 22 டிகிரியில், வேகமாக நொதிக்கிற பீர். நாம் கடையில் வாங்கும் பெரும்பாலான பீர் லாகர் வகை, அது குளிரில் மெதுவாக நொதிப்பதால் வாசனை அடக்கமாக இருக்கும். ஏலில் பழவாசனை தூக்கலாக வரும். அதே ஏலை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், கூடுதலாகப் போட்டுக் காய்ச்சினால் ஆல்கஹால் 8 சதவீதத்திலிருந்து 13 சதவீதம் வரைகூடப் போகும், இதுதான் ஸ்ட்ராங் ஏல். இங்கிலாந்தில் இதன் ஒரு வகைக்கு பார்லி ஒயின் என்றே பெயர், திராட்சை ஒன்றுகூட அதில் கிடையாது. நம் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று போட்டு விற்கும் பீரை நினைத்துக்கொண்டு இதைத் தொடாதீர்கள், அது போதைக்கு ஸ்ட்ராங், இது உடம்பிலும் வாசனையிலும் ஸ்ட்ராங்.

இந்த ஏலை, முன்பு ஒயின் இருந்த ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடம்வரை, விட்டுவைக்கிறார்கள். பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் பீப்பாய் 225 லிட்டர், பர்கண்டி பகுதிப் பீப்பாய் 228 லிட்டர். ஒயின் மரத்துக்குள் சில மில்லிமீட்டர் இறங்கி ஊறிப்போயிருக்கும், அது மெல்ல ஏலுக்குள் திரும்ப வரும். ஓக் தன் பங்குக்கு வெனிலா வாசனை, கிராம்பு வாசனை, துவர்ப்பு, அப்புறம் நம் ஊர்க்காரனுக்கு உடனே பிடிபடுகிற தேங்காய் வாசனை எல்லாம் தரும். உண்மையிலேயே ஓக் மரத்தில் லாக்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதன் வாசனை தேங்காய்தான், அமெரிக்க ஓக்கில் அது கூடுதல். கிராம்பில் இருக்கிற யூஜெனால் ஓக்கிலும் இருக்கிறது. கூடவே பலகை வழியாகக் காற்று துளித்துளியாக உள்ளே போய்ப் பானத்தை முதிர வைக்கும்.

விஸ்கி பீப்பாயில் ஊறிய பீர் வேறு கதை. போர்பன் விஸ்கிக்கு உள்பக்கம் கரியாக எரித்த புதுப் பீப்பாய்தான் சட்டப்படி வேண்டும், அதனால் அதில் ஊறிய பீரில் வெனிலாவும் கரியும் முகத்தில் அறையும். ஒயின் பீப்பாயை எரிக்காமல் லேசாக வாட்டுவார்கள், பெரும்பாலும் பல வருடம் ஒயினுக்குப் பயன்படுத்திய பிறகே பீருக்குத் தருவார்கள், எனவே மரம் பின்னால் நின்று பேசும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

இப்போது முட்டி. புது முட்டியில் இறக்கிய கள்ளும் பழகிய முட்டியில் இறக்கியதும் ஒன்றல்ல என்று மரமேறிகள் எல்லோருக்கும் தெரியும். பழைய முட்டியின் சுவரிலேயே ஈஸ்டும் பாக்டீரியாவும் குடியிருக்கும், பாளையிலிருந்து சொட்டு விழ விழ நொதிக்க ஆரம்பித்துவிடும். அதை நிறுத்திப் புளிக்காத தெளுவு எடுக்க வேண்டுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். மரப்பீப்பாயும் இப்படித்தான், எத்தனை கழுவினாலும் பலகையின் நுண்துளைகளில் உயிர் ஒட்டியிருக்கும். அதில் முக்கியமானது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். 1904ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் கிளாசன் என்ற ஆராய்ச்சியாளர், முதிரவைத்த ஆங்கில ஏல்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டினார். பெயருக்கே 'பிரிட்டன் பூஞ்சை' என்று பொருள். தோல், வைக்கோல், மாட்டுத்தொழுவம், சில நேரம் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் மாதிரி வாசனை கொடுப்பது இதுதான்.

ஆகவே வாங்கும்போதே இரண்டு குடும்பம் என்று மனதில் வையுங்கள். ஒன்று, புளிப்பு வேண்டாம் என்று சுத்தமாகச் செய்வது. பெல்ஜியத்தின் பிப்பே கிராமத்தில் 1769லிருந்து இயங்கும் துபுய்சோன் ஆலையின் 'புஷ் த நுய்' இந்த வகை, பர்கண்டியின் நுய் சான் ஜார்ஜ் ஒயின் பீப்பாயில் ஊறியது, 13 சதவீதம். மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸ் ஆலை 1986லிருந்து செய்யும் ஹார்வெஸ்ட் ஏல் 11.5 சதவீதம், அதைப் போர்ட், ஷெரி என்ற காட்டமான ஒயின் வகைகளின் பீப்பாய்களில் முதிரவைத்தும் தருகிறார்கள். இன்னொன்று, புளிக்கட்டும் என்றே காட்டு ஈஸ்ட்டையும், தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவையும் விடுவது. கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை, கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் பீப்பாயில் செய்யும் 10 சதவீத 'கான்செக்ரேஷன்' அந்தப் பக்கம். எந்தக் குடும்பம் என்று தெரியாமல் குடித்தால், நல்ல புளிப்பைக் கெட்டது என்பீர்கள், கெட்டதை நல்லது என்பீர்கள்.

பாட்டில் கைக்கு வந்ததும்

இந்தப் பாட்டில்கள் பெரும்பாலும் உறவுக்காரர் பெட்டியில்தான் இங்கே வருகின்றன. விமானத்தில் வருகிறவருக்கு 2 லிட்டர் மதுவரை வரியில்லாமல் அனுமதி உண்டு. ஆனால் கோவையில் இறங்கி வாளையார் தாண்டி வருகிறவர்கள், மாநில எல்லை கடந்து மது கொண்டுவருவது தனி விவகாரம் என்பதை மறக்காதீர்கள், முதலில் இரண்டு பக்க விதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மது அருந்த 23 வயது ஆகியிருக்க வேண்டும்.

வந்த அன்றே திறக்க வேண்டாம். பயணத்தில் குலுங்கிய வண்டல் அடங்க ஒரு வாரமாவது நிற்கட்டும். நிமிர்த்தியே வையுங்கள், இருட்டில், குளிர்ந்த இடத்தில். இங்கேதான் நம் ஊருக்கு என்று ஒரு பிரச்சினை இருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் 'நிலவறையில் வைக்கவும்' என்று எழுதுவார்கள், அங்கே நிலவறை 12, 13 டிகிரி. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெளியே 40 டிகிரியைத் தொடும், ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் சரக்கு வெந்தே போகும். எனக்கு ஒரு பாட்டில் அப்படிப் போயிருக்கிறது. ஒரே கோடை, திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், காய்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில், துணி சுற்றி வையுங்கள். தூக்கத்தில் இருக்கிற மாதிரி மெதுவாக முதிரும், ஆனால் கெடாது.

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள்: ஆல்கஹால் அளவு, எந்த ஒயின் பீப்பாய், எந்த வருடம். வெள்ளை ஒயின் பீப்பாய் என்றால் எலுமிச்சைத் தோல், வெண்ணெய், தேங்காய் பக்கம் எதிர்பார்க்கலாம். சிவப்பு என்றால் நாவல்பழம், கருந்திராட்சை, கூடுதல் துவர்ப்பு. போர்ட், ஷெரி பீப்பாய் என்றால் உலர்திராட்சை, பேரீச்சை, வறுத்த முந்திரி.

அன்றைக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு

ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காரம், காபி, வெற்றிலை மூன்றும் வேண்டாம். மிளகாய் எரிச்சலும் ஆல்கஹால் எரிச்சலும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும், 12 சதவீதம் 20 மாதிரி எரியும். வெறும் வயிற்றிலும் வேண்டாம், தயிர்சாதம் போல மிதமான ருசியில் ஏதாவது சாப்பிட்டிருங்கள். ஊதுபத்தி, கொசுவர்த்தி அணைத்துவிடுங்கள். மல்லிகைப்பூ வைத்தவர் பக்கத்தில் இருந்தால்கூட முகர்ந்து பார்ப்பது சிரமம்.

கிளாஸ் முக்கியம். வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் வேண்டும், பிராந்தி கிளாஸ் போதும், ஒயின் கிளாஸும் சரி. எவர்சில்வர் வேண்டாம், நிறம் தெரியாது, வாசனை கூடாது. சோப்பு வாசனை போக வெந்நீரில் இரண்டு தடவை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை சாகும்.

வெப்பநிலை எல்லாவற்றையும்விட முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து 4, 5 டிகிரியில் வெளியே வரும், நமக்கு வேண்டியது 12 முதல் 14. குளிரில் வாசனை எழும்பாது, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் கத்தியாக நிற்கும், எங்கள் முதல் பாட்டில் தோற்றது இதனால்தான். கோடைக்காலத்தில் சின்னப் பாட்டிலை 20 நிமிடம், 750 மில்லி கனத்த பாட்டிலை அரை மணி நேரம் வெளியே வைத்தால் ஏறக்குறைய சரியாக வரும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாட்டிலின் தோளைத் தொட்டுப் பாருங்கள், பானைத் தண்ணீரைவிட இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி, விரல் விறைக்காத குளிர்ச்சி. அதுதான் அளவு.

ஊற்றுவதும் பார்ப்பதும்

கார்க் போட்டுக் கம்பி கட்டிய பாட்டில் என்றால் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். கிளாஸைச் சாய்த்து மெதுவாக 100 மில்லி போல ஊற்றினால் போதும். ஒரே மூச்சில் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு பாட்டிலை நிமிர்த்துங்கள், முன்னும் பின்னும் ஆட்டினால் அடி வண்டல் கலங்கும். கடைசி இரண்டு விரல் உயரத்தைப் பாட்டிலிலேயே விடுங்கள்.

நுரை குறைவாக இருந்தால் கவலைப்படாதீர்கள். ஆல்கஹால் கூடக் கூட நுரை நிற்பது கஷ்டம், பீப்பாயில் கிடந்ததில் இன்னும் கஷ்டம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், கருப்பட்டிப் பாகு நிறமா, செம்மண் தண்ணீர் நிறமா, ஓரத்தில் சிவப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இதில் அதிக நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

முகர்வது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ருசியின் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது.

முதலில் கிளாஸை அசைக்காமல், மூக்கிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து ஒரு சின்ன மூச்சு. லேசாக எழும்புவது மட்டும் வரும்: பழம், பூ, ஒருவேளை வினிகரின் நுனி. அப்புறம் இரண்டு சுற்று சுழற்றி, மூக்கைக் கிளாஸின் விளிம்புக்குக் கொண்டுபோய், வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹால் காட்டம் மூக்கைக் குத்தாது. மூன்றாவது தடவை, ஒரு நிமிடம் விட்டு உங்கள் சொந்த முழங்கையை முகர்ந்து மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, மறுபடி.

வாசனைக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் வீட்டுப் பெயரையே வையுங்கள். பிளம், ஃபிக், டாஃபி என்று வெளிநாட்டுக் குறிப்பில் இருப்பதைத் தேடித் தேடி ஏமாற வேண்டாம். எங்கள் குறிப்பு நோட்டில் இருப்பவை: கருப்பட்டி, சர்க்கரை வரட்டி (வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய்), கொப்பரை, நாவல்பழம், வெயிலில் உலர்ந்த புளியம்பழம், கள்ளாப்ப மாவு, மழை நனைத்த வைக்கோல், புதுச் செருப்புத் தோல். கொப்பரை என்று நீங்கள் எழுதினால் அது ஓக், கருப்பட்டி என்று எழுதினால் மால்ட், நாவல்பழம் என்றால் பெரும்பாலும் முன்பிருந்த ஒயின், வைக்கோலும் தோலும் என்றால் பிரெட்டனோமைசிஸ். பெயர் நம்முடையது, காரணம் அங்கே பீப்பாய்க்குள் இருக்கிறது.

வாயில்

முதல் வாயைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது நாக்கை நனைக்க. இரண்டாவது வாய் ஒரு தேக்கரண்டி அளவு, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். முதலில் இனிப்பு வரும், அடுத்து புளிப்பில் எச்சில் ஊறும், கடைசியில் கசப்பு. அப்புறம் ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் இழுத்துப் பிடிக்கும், நெல்லிக்காய் கடித்த மாதிரி, பச்சைப் பாக்கு மென்ற மாதிரி. அதுதான் துவர்ப்பு. ஆறு சுவையில் ஒன்றாக இதைச் சின்ன வயதிலேயே நாம் படித்துவிட்டோம், வாழைப்பூவிலும் மாதுளைத் தோலிலும் தினம் பார்த்திருக்கிறோம், எனவே பீப்பாயின் டானின் என்ற துவர்ப்புப் பொருளைக் கண்டுபிடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நல்ல சரக்கில் இந்தத் துவர்ப்பு இனிப்பை அறுத்து அடுத்த வாய்க்குக் கூப்பிடும். மரம் அதிகமாகிப்போனதில் பென்சில் கடித்த மாதிரி வறண்டு நிற்கும்.

புளிப்பைத்தான் கவனமாகப் பிரிக்க வேண்டும். இரண்டு புளிப்பு உண்டு. தயிர்ப் புளிப்பு, மாவுப் புளிப்பு, வட்டமாக இருக்கும், தொண்டையைக் குத்தாது, இது லாக்டிக் அமிலம். இன்னொன்று கள்ளை இரண்டு நாள் விட்டால் வருகிற காடிப் புளிப்பு, மூக்கில் ஏறும், தொண்டையைச் சுடும், இது அசிட்டிக் அமிலம், காற்று அதிகம் பட்டால்தான் வரும். காட்டுக் குடும்பத்து ஏலில் முதலாவது நிறையவும் இரண்டாவது துளியும் இருந்தால் அழகு. காலைக் கள்ளுக்கும் அந்திக் கள்ளுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது, இனிப்பும் புளிப்பும் தராசில் சமமாக நிற்கிற நேரம், பெரியப்பா அதற்காகவே காத்திருந்து குடிப்பார். நல்ல பீப்பாய் ஏல் அந்த ஒரு மணி நேரத்தைப் பாட்டிலில் பிடித்து வைத்தது மாதிரி.

விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுங்கள். வாயில் தெரியாத வெனிலாவும் கிராம்பும் அப்போது வரும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதில் எண்ணுங்கள். நெஞ்சில் இதமான சூடு சரி, எரிச்சல் என்றால் ஒன்று சரக்கு இளசு, அல்லது கிளாஸ் சூடாகிவிட்டது.

எது கெட்டது

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றும் சூடும் கெடுத்திருக்கிறது. கொஞ்சம் ஷெரி, உலர்திராட்சை பக்கம் போயிருந்தால் அது முதிர்ச்சி, குறையில்லை. ஈரக் கோணிச்சாக்கு வாசனை கார்க்கிலிருந்து வருவது, அதைத் திருத்த வழியில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவ வாசனை எத்தில் அசிட்டேட், தூக்கலாக இருந்தால் பீப்பாயில் தவறு நடந்திருக்கிறது. சோயா சாஸ் மாதிரி உப்பும் இறைச்சியுமாக அடித்தால் செத்த ஈஸ்ட்டின் மேல் நெடுநாள் கிடந்த சரக்கு. உருக்கின வெண்ணெய் வாசனை, துளி இருந்தால் வெள்ளை ஒயின் பீப்பாயில் ரசிக்கலாம், வாயெல்லாம் பிசுபிசுத்தால் குறைதான். தொழுவ வாசனையை மட்டும் அவசரப்பட்டுக் குறை என்று எழுதாதீர்கள். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கி உள்ளே பழம் தெரியும்.

சூடு ஏற ஏற மறுபடி

100 மில்லியை முக்கால் மணி நேரம் குடியுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை மேலே சொன்ன முகர்வும் வாயும் திரும்பச் செய்யுங்கள், நேரம் போட்டு நாலு வார்த்தை எழுதுங்கள். 12 டிகிரியில் புளிப்பு முன்னால் நிற்கும், 16ல் பழமும் கருப்பட்டியும் வரும், 20 தாண்டினால் ஆல்கஹால் எட்டிப் பார்க்கும். நம் ஊர்ச் சூட்டில் இந்தப் பயணம் வேகமாக நடந்துவிடும், அதனால் கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், உள்ளங்கையில் ஏந்த வேண்டாம்.

கூடச் சாப்பிட, நேந்திரங்காய் சிப்ஸ் உப்போடு நன்றாகப் போகும், சர்க்கரை வரட்டி இன்னும் நன்று, அதில் இருக்கும் சுக்கும் வெல்லமும் மால்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். வறுத்த முந்திரி, முதிர்ந்த செடார் சீஸ் கிடைத்தால் அது. தேங்காய்க்கொத்து போட்ட கேரளத்து பீஃப் வறுவலை மிளகாய் குறைத்து, மிளகு மட்டும் போட்டுச் செய்தால் சிவப்பு ஒயின் பீப்பாய் ஏலுக்கு அதைவிடப் பொருத்தம் நான் பார்த்ததில்லை.

அளவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 11 சதவீத ஏல் 150 மில்லியில் 16.5 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத விஸ்கி ஒரு ஸ்மால், 30 மில்லியில், 13 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு 750 மில்லி பாட்டிலை ஒருவர் முடித்தால் ஒரு குவார்ட்டர் விஸ்கியைவிடக் கூடுதல் உள்ளே போகிறது. பீர்தானே என்று நினைக்கவே கூடாது. நாலைந்து பேர் பங்கிடுங்கள், அன்று ராத்திரி யாரும் பைக் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாட்டிலில் விட்ட அந்த இரண்டு விரல் வண்டலைச் சின்ன கிளாஸில் ஊற்றித் தனியாகக் குடித்துப் பாருங்கள், ஆப்ப மாவு வாசனை நேராக வரும். முடிந்தால் ஒரே சரக்கில் இரண்டு பாட்டில் வாங்கிவரச் சொல்லுங்கள். ஒன்றை இப்போது திறந்துவிட்டு, இன்னொன்றின் கழுத்தில் இன்றைய தேதியும் இன்றைய குறிப்பிலிருந்து மூன்று வார்த்தையும் எழுதி நூலால் கட்டி, துணி சுற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று அப்படி இரண்டு வருடமாக இருக்கிறது, கழுத்துச் சீட்டில் 'நெல்லி, கொப்பரை, தோல்' என்று பெரியப்பாவின் கையெழுத்து. வருகிற ஓணத்துக்கு மச்சான் வருகிறார், அன்றைக்குத் திறப்போம்.